அந்த செட்டைக் கழற்றாதீர்கள்



பங்குனி பிறந்துவிட்டால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் இரண்டு வகை வண்டிகள் கூடிவிடும். நார்த்தாமலைக்கும் கொன்னையூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் ஒரு வகை. வருஷம் முழுக்க ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்துவிட்டு, திருவிழாவுக்கென்று பேட்டரி மாற்றி வெளியே எடுக்கப்படும் வீட்டுக் கார்கள் இன்னொரு வகை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800. இந்த இரண்டாம் வகையில் ஏறும் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் கையில் ஃபோன். அதற்குள் ஆயிரக்கணக்கில் பாட்டு. காரில் தாத்தா காலத்துப் பாட்டு செட். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கீரனூர் வருவதற்குள் பின் சீட்டில் முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

நமக்கு வரும் கடிதங்களிலும் இந்தச் சங்கதி அடிக்கடி தலைகாட்டுகிறது. பொன்னமராவதிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: அப்பச்சி வாங்கிய கார், செட்டும் அவர் ஆசைப்பட்டு வைத்தது, பிள்ளைகளோ அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய திரையாக ஒன்று மாட்டச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று. தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கழற்ற வேண்டாம் ஐயா. உங்கள் செட்டில் பாட்டு உள்ளே போக ஏதோ ஒரு வழி இருக்கும். அது எது என்று பார்த்துவிட்டால் போதும்.

பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் ஊர்க் கார்களில் இருக்கும் பழைய செட்டுகளில் பல, வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும், பிழைக்கப் போன சபுராளிகள் சுமந்து வந்தவை. பயனியர், கென்வுட், சோனி என்று அன்றைக்கு நல்ல விலை கொடுத்து வாங்கியவை. கேசட் பகுதியின் ரப்பர் பெல்ட் இற்றுப் போயிருக்கலாம். ஆனால் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பகுதி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இதைக் கழற்றிவிட்டு, பேர் தெரியாத கம்பெனியின் மலிவு விலைத் திரையை மாட்டுகிறவர்கள் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், இரண்டாம் மாதம் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்பார்கள். அது மட்டுமா? பழைய செட் உட்காரும் குழி பெரும்பாலும் உலகம் முழுக்க ஒரே அளவு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். புதிய திரைகள் அதைப்போல இரண்டு மடங்கு உயரம் கேட்கும். அதற்காக டாஷ்போர்டை ரம்பம் வைத்து அறுத்த அம்பாசிடர்களை நான் பார்த்திருக்கிறேன். 2014-இல் உத்தரபாராத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோன கார் அது. அறுத்த டாஷ்போர்டுக்கு மாற்று தேடி எங்கே போவது?

சரி, வழியைத் தேடுவோம். முதலில் செட்டின் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோன் பின் நுழைகிற மாதிரி சின்ன வட்டத் துளை, பக்கத்தில் ஆக்ஸ் என்ற எழுத்து தெரிந்தால் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் 3.5 மி.மீ. பின் உள்ள ஒரு வயர் வாங்கினால் போதும். முகத்தில் இல்லையென்றால் முயற்சியைக் கைவிட்டுவிடாதீர்கள். சில செட்டுகளில் அது முதுகுப் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளையாக இருக்கும். சில கார்களில் கிளவ் பாக்ஸுக்குள் ஒளிந்திருக்கும். மோட் அல்லது சோர்ஸ் என்ற பட்டனை அழுத்திக்கொண்டே வாருங்கள். ரேடியோ, டேப் என்று மாறிவரும்போது ஆக்ஸ் என்று ஒரு தடவை காட்டினால், வழி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். காரை வாங்கி எத்தனையோ வருஷம் கழித்து இந்தத் துளையைக் கண்டுபிடித்து, புதையல் எடுத்தவர் போலச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு.

ஃபோனில்தான் இப்போது சிக்கல். ஐபோன் 2016-லேயே ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டது. மற்ற கம்பெனிகளில் பலவும் ஒவ்வொன்றாக அதே வழியில் போய்விட்டன. அதற்கென்று சின்ன இணைப்பு வயர் கிடைக்கிறது. அல்லது ஆக்ஸ் துளையில் செருகுகிற புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால், யார் ஃபோனாக இருந்தாலும் வயர் இல்லாமல் பாடும்.

ஆக்ஸ் இல்லை, கேசட் வாய் இருக்கிறது என்கிறவர்களுக்குத்தான் என் முதல் வாழ்த்து. கேசட் அடாப்டர் என்று ஒன்று உண்டு. பார்க்க சாதாரண கேசட். அதிலிருந்து ஒரு வயர் தொங்கும். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்தபோது, பிற்காலத்தில் அதற்குள் நாடாவே இல்லாமல் பாட்டு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கேசட்டில் நாடா ஓடும்போது செட்டுக்குள் இருக்கும் ஹெட், அதில் பதிந்திருக்கும் காந்த ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. அது நாடாவா வேறு ஏதாவதா என்பது ஹெட்டுக்குத் தெரியாது. எதிரே ஒரு காந்தப் புலம் ஆடினால் போதும். அடாப்டருக்குள் அதே மாதிரி இன்னொரு குட்டி ஹெட்டை வைத்து, செட்டின் ஹெட்டுக்கு நேரெதிராக முகம் பார்க்க விட்டிருக்கிறார்கள். ஃபோனிலிருந்து வரும் பாட்டு அதில் காந்த ஆட்டமாக மாறுகிறது. செட் அதை நாடா என்று நம்பிப் பாடுகிறது. இவ்வளவுதான் ரகசியம். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றுள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொருள் வேறில்லை.

ஆனால் சில செட்டுகள் ஏமாறாது. நாடா சுற்றுகிறதா என்று சக்கரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சுற்றவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று எண்ணி மறுபக்கம் திரும்பும். தானாகத் திரும்பும் ஆட்டோ ரிவர்ஸ் செட்டுகளில் இது பெரிய தொல்லை. டக், டக் என்று மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருக்கும். இதற்காக நல்ல அடாப்டரில் இரண்டு சக்கரத்தையும் பல்சக்கரம் வைத்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றும். மலிவானதில் அந்தப் பல்சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். கடையில் வாங்கும்போதே செட்டில் போட்டுப் பாருங்கள். வயர் வெளியே வர இடம் இருக்கிறதா, செட்டின் மூடி வயரைக் கடிக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒலி மங்கலாக இருந்தால் அடாப்டரைத் திட்டுவதற்கு முன், பஞ்சு சுற்றிய குச்சியில் ஸ்பிரிட் தொட்டு செட்டின் ஹெட்டைத் துடையுங்கள். பல வருஷத்து நாடாத் தூள் பழுப்பாக வரும். ஃபோனில் சத்தத்தை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, மீதியை செட்டில் ஏற்றுங்கள். முழுக்க வைத்தால் பாட்டு கிழியும். அடியில் வைத்துவிட்டு செட்டில் ஏற்றினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

ஆக்ஸும் இல்லை, கேசட் பகுதியும் ஓடாது என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் அது குட்டி வானொலி நிலையமாகிவிடும். உங்கள் கார் ரேடியோவில் அதே அலைவரிசையை வைத்தால் பாட்டு வரும். எல்லாருக்கும் தெரிந்த வழி இதுதான், அதிகம் விற்பதும் இதுதான். என்னைக் கேட்டால் வேறு எதுவும் முடியாதபோது மட்டும் இதற்கு வாருங்கள். எஃப்.எம்.மில் ஒரே இடத்தில் இரண்டு நிலையம் வந்தால், வலுவானது மெலிந்ததை அமுக்கிவிடும். உங்கள் டிரான்ஸ்மிட்டரின் சக்தி காரைத் தாண்டாது; எதிரே இருப்பதோ உயரத்தில் நின்று ஊரெல்லாம் ஒலிக்கும் நிலையம். கொடைக்கானல் 100.5, திருச்சி ரெயின்போ 102.1, காரைக்கால் 100.3 இவற்றின் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். காலியாக இரைகிற இடமாக ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் வையுங்கள்.

புதுக்கோட்டை டவுனில் காலியாக இருந்த இடம் மணமேல்குடியில் காலியாக இருக்காது என்பதுதான் நம் மாவட்டத்தின் தனிச் சிறப்பு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் நின்றால் எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். வெயில் காலத்து மாலையில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும்போது எஃப்.எம். அலைகள் அதற்குள் மாட்டிக்கொண்டு வெகுதூரம் வந்துவிடும். பிள்ளைகள் போட்ட அனிருத் பாட்டின் நடுவே இலங்கை வானொலி அறிவிப்பாளர் வந்து விளம்பரம் சொல்லிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு கதை. உங்கள் காரில் வெளியே இழுத்து நீட்டும் ஏரியல் இருந்தால் அதை உள்ளே தள்ளிவிடுங்கள். வெளி நிலையங்கள் வலுவிழக்கும், உங்கள் டிரான்ஸ்மிட்டருக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

எதிர்க்கரை இலங்கைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. இலங்கையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து பழையதாக இறக்கியவை. ஜப்பானில் எஃப்.எம். வரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நமக்கும் இலங்கைக்கும் 88-க்கு மேல்தான் கடையே திறக்கும். ஆகவே அந்த ரேடியோவில் உள்ளூர் நிலையங்களில் முக்கால்வாசி வராது. டிரான்ஸ்மிட்டர் வைப்பதென்றாலும் 88-க்கும் 90-க்கும் நடுவே உள்ள சந்தில்தான் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து உறவினர் காரில் ஏறி, செட்டில் ஜப்பானிய எழுத்தைப் பார்த்து விழித்த அனுபவம் நம் வாசகர்கள் சிலருக்கு இருக்கும்.

இனி மெக்கானிக் வழி. கார் கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர்களுக்குத்தான் இது தெரியும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். ராஜ வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஃபோன் செய்து, பழைய கார் செட்டில் ஃபோன் மாட்ட வேண்டும் அண்ணே என்றேன். கம்பெனி பேரைக்கூட அவர் கேட்கவில்லை.

"சத்தம் வைக்கிற குமிழ் சுத்திக்கிட்டே போகுதா, ஒரு இடத்துல முட்டி நிக்குதா?"

"முட்டி நிக்குது அண்ணே."

"அப்பக் கொண்டாங்க."

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. முட்டி நிற்கும் குமிழ் என்றால் பாட்டு அதன் வழியாகவே ஓடுகிறது. அந்த இடத்தில் குறுக்கே புகுந்து நம் பாட்டைக் கொடுக்கலாம். முடிவில்லாமல் சுற்றும் குமிழ் என்றால் அது உள்ளே இருக்கும் சிப்புக்குக் கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது. அங்கே வயர் வைத்துப் பயனில்லை.

காரோடு கடைக்குப் போனேன். அவர் செட்டைக் கழற்றி மேல் தகட்டை எடுத்ததும் உள்ளே பஞ்சு மாதிரி தூசி. ஊதித் தள்ளிவிட்டு, மேசையடியில் இருந்த 12 வோல்ட் பேட்டரியில் செட்டைக் கோத்தார். குமிழின் அடியில் மும்மூன்றாக இரண்டு வரிசைக் கால்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையை விரலால் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு காலாகத் தட்டினார். ஒரு காலில் ஸ்பீக்கர் உர்ரென்றது. "இதான் இடது." இரண்டாம் வரிசையில் இன்னொரு உர். "இது வலது." ஓரத்துக் கால் எர்த். ஷீல்டு வயரைச் சீவி மூன்று இடத்திலும் பற்றவைத்தார். நடுவில் ஆளுக்கொரு சின்னக் கெப்பாசிட்டர். செட்டுக்குள் இருக்கும் மின்சாரம் ஃபோனுக்குள் ஏறாமல் தடுக்க. வெளியே வந்த ஜாக்கிலும் ஒரு நுட்பம் இருந்தது. பின்னைச் செருகினால் உள்ளுக்குள் ஒரு தகடு விலகி ரேடியோவின் வழியை அறுத்துவிடும். பின்னை உருவினால் ரேடியோ பழையபடி பாடும். செட்டின் முகத்தில் ஓட்டை போடாமல், ஜாக்கை வயரோடு டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார். கார் உள்ளபடியே இருக்கிறது, பாட்டும் வருகிறது. டீ குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகியிருக்கும்.

கையில் பழக்கம் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வேறு கடையில் கொடுத்தாலும் ஒன்றை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: காரின் வயரை வெட்டிச் சுற்றி டேப் ஒட்டக் கூடாது, கப்ளர் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய வயர் நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கழன்று, என்றைக்காவது பாடியைத் தொட்டு ஃப்யூஸைக் கொண்டுபோகும்.

எல்லாம் முடிந்து, பாட்டு வந்து, வண்டி கிளம்பிய பிறகு கீய்ய் என்று ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று மாற்றியவர்கள் உண்டு. ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே அதே ஃபோனை லைட்டர் துளையில் சார்ஜும் போட்டிருப்பீர்கள். ஃபோனுக்கு இப்போது இரண்டு எர்த். ஒன்று செட் வழியாக, இன்னொன்று சார்ஜர் வழியாக. இரண்டுக்கும் நடுவே ஆல்டர்னேட்டரின் சலசலப்பு புகுந்து சுற்றுகிறது. சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று விரல் அளவு பொருள் ஒன்று கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தவிர வேறொன்றுமில்லை. ஆக்ஸ் வயரின் நடுவே அதைக் கோத்துவிட்டால் பாட்டு மட்டும் தாண்டி வரும். அதற்கும் செலவு செய்ய மனமில்லையென்றால் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வண்டி ஓட்டும்போது பாட்டு மாற்ற ஃபோனைக் கையில் எடுக்கவே கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முன் சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் தூங்குகிறவராக இருந்தால் முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுங்கள்.

பட்டியல் என்றதும் பென்டிரைவ் செட் வைத்திருப்பவர்கள் ஞாபகம் வருகிறது. அவர்களிடமிருந்தும் ஒரு குறை அடிக்கடி வருகிறது: வரிசையாக நம்பர் போட்டு ஏற்றினாலும் செட் தன் இஷ்டத்துக்குப் பாடுகிறது. அந்தக் காலத்து செட்டுகள் பல, பெயரையோ நம்பரையோ பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு முதலில் பென்டிரைவில் ஏறியதோ அதை முதலில் பாடும். ஆகவே மொத்தமாக இழுத்துப் போடாமல், எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; வேறு முறையில் இருந்தால் செட் கண்டுகொள்ளாது. பெரிய அளவும் வேண்டாம், 8 அல்லது 16 ஜிபி போதும்.

இன்னொன்று. பாட்டின் பேரைத் தமிழில் எழுதி வைத்தால் பழைய செட்டின் திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பி.யு. சின்னப்பா பிறந்த ஊரில், அவர் பாட்டைப் போட்டால் நாலு கட்டமும் ஒரு கேள்விக்குறியும் வருகிறது. வருத்தப்பட என்ன இருக்கிறது? குடுமியான்மலைப் பாறையில் சுரம் சுரமாக வெட்டி வைத்த இசைக் கல்வெட்டு ஆயிரத்து முந்நூறு வருஷமாக அங்கேயே இருக்கிறது. கிரந்த எழுத்து தெரியாமல் அதன் முன்னால் நாமும் அந்த செட் மாதிரிதான் நிற்கிறோம். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், நம்பரோடு வையுங்கள். செட்டுக்கு அது படிக்கத் தெரியும்.

கடைசியாக, திருமயம் வாசகர் ஒருவரின் கேள்வி. அவரிடம் இருப்பது அம்பாசிடர். செட்டில் கேசட் இல்லை, எஃப்.எம். இல்லை. வெறும் மீடியம் வேவ் ரேடியோ. தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டி வைத்திருந்த காலத்துப் பொருள். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலித்ததை அவர் தகப்பனார் அதில்தான் கேட்டிருக்கிறார். டிரான்ஸ்மிட்டர் வாங்கிச் செருகிப் பார்த்தும் எதுவும் வரவில்லையாம். வராது ஐயா, அது எஃப்.எம்.முக்கு மட்டும்தான் பேசும். உங்கள் ரேடியோவின் குமிழ் முட்டி நிற்கும் வகையாகத்தான் இருக்கும், மெக்கானிக் வழி இதற்கும் பொருந்தும். ஒரே ஸ்பீக்கர் என்பதால் இடது வலது இரண்டையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நேராக முறுக்கிச் சேர்த்தால் ஃபோனுக்கு நல்லதல்ல. மேல் தகட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரேடியோவின் சர்க்யூட் படம் இனிமேல் கடையில் கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்